சிவப்பு நாடா கட்டிய மரங்கள்

1

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் நூல்கடை வைத்திருந்தவரின் மகள் நான். எந்தச் சாயநூல் வந்தாலும் அப்பா விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தவரை உட்காரச் சொல்வார். அந்த விரல்தான் எனக்கும் வாய்த்தது. கனடாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னமும் கடையில் ஒரு டப்பாவின் மேல் 'சுத்தமான தேன்' என்று போட்டிருந்தால், பக்கத்து டப்பாவில் இருப்பது என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது கிழக்குக் கரையோரம் ஒரு சின்ன ஊர். வீட்டு வாசலில் இறங்கி நாலு பக்கமும் பார்த்தால் நாலு பக்கமும் காடு. வீட்டுக்காரருக்குக் காகித ஆலையில் வேலை. எனக்கு மாகாண அரசின் சிறிய அலுவலகம் ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள். சொந்தக் காட்டை வெட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. அந்த விண்ணப்பங்களைச் சேகரித்து, விட்டுப்போனதைக் கேட்டு வாங்கி, மேலே அனுப்புவது என் பொறுப்பு. "பகல் பூரா நான் அரைக்கிற மரத்தை நீ உக்காந்து காப்பாத்து" என்று அவர் கேலி செய்வார்.

வேடிக்கை என்னவென்றால், ஊரிலும் நான் பார்த்தது இதே வேலைதான். அதனால்தான் இங்கே சுலபமாக எடுத்துக்கொண்டார்கள். வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்குத் தலை சுற்றியது. மதுரையில் ஒரு காட்டுக்கு மானியம் என்றால் கர்ணம், பி.டி.ஓ., ரேஞ்சர், தாசில்தார் என்று கையெழுத்துக்கு மேல் கையெழுத்து. இங்கே ஒரே ஒரு தாள். அடியில் ஒரு வரி: 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் ஹெரால்ட் என்று ஒரு கிழவருடைய விண்ணப்பம் வந்தது. 'மரங்கள் ஏறத்தாழ எத்தனை?' என்ற கேள்விக்கு எதிரே மனிதர் எழுதியிருந்த பதில்: 'போதுமான அளவு.'

எடுத்துக்கொண்டு போய் என் மேலதிகாரி லிண்டா முன்னால் வைத்தேன். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"யார் போய்ப் பார்ப்பது?" என்றேன்.

"எதை?"

"மரத்தை."

"அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்றாள் லிண்டா, ஒரு குழந்தைக்குச் சொல்வதைப்போல. எனக்குக் கோபம் வந்தது. யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? கையெழுத்து யார்தான் போடமாட்டார்கள்!

2

சனிக்கிழமை காரை எடுக்கச் சொன்னேன். எங்கே என்று வீட்டுக்காரர் கேட்டார். சும்மா ஒரு சுற்று என்றேன். பின் சீட்டில் மீனா. அவளுக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சுக்குச் சௌராஷ்ட்ரம், கோபத்துக்குத் தமிழ். இரண்டுக்கும் அவள் பதில் சொல்வது ஆங்கிலத்தில். தமிழ் எழுத்து 'அ' தாண்டவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் ஓடி வந்து, அடியில் தன் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு பூ போடுவாள். மதுரைக்குப் போன எந்தக் கடிதமும் அந்தப் பூ இல்லாமல் போனதில்லை.

ஹெரால்டின் நிலம் பெரிய சாலையிலிருந்து உள்ளே இருந்தது. வேலியோரம் இறங்கி எண்ண ஆரம்பித்தேன். விரலை நீட்டி, உதடு அசைய, ஒன்று இரண்டு மூன்று என்று தமிழில். "அம்மா, ப்ளீஸ்" என்று மீனா காருக்குள் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரர் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டும்போது பின்னால் இருமல் சத்தம்.

கிழவர் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு வாளி. "வழி தவறிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். என்ன செய்ய?

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பெரிய சாலைக்குப் போகும் வழியை மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு ஜாடி ஜாம் கொண்டுவந்து மீனாவிடம் நீட்டினார். நான் கண்ணால் 'வாங்காதே' என்றேன். என்னை யார் என்று தெரிந்துகொண்டுதான் கொடுக்கிறாரோ? மீனா வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் விரலால் வழித்துத் தின்றாள். அந்த ஜாடியையே நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை லிண்டா சொன்னாள்: "ஹெரால்ட் போன் செய்தார். சனிக்கிழமை ஒரு இந்தியக் குடும்பம் அவர் பக்கம் வழி தெரியாமல் வந்ததாம். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று விசாரிக்கிறார். உனக்கு அவர்களைத் தெரியுமா?"

தெரியாது என்றேன். சீட்டில் போய் உட்கார்ந்தேன். வெட்கம் காதுவரை ஏறியது. இதேபோல ஒரு தடவை ஒரு பெண் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்திருக்கிறாள். அதையும் நான் இப்படித்தான் பார்த்தேன். அன்று நான் எழுதிய அறிக்கை, வார்த்தைக்கு வார்த்தை நினைவுக்கு வந்தது.

3

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு வாடகைக் கட்டிடத்தின் மாடியில் எங்கள் பிரிவு இயங்கியது. திட்டம் இதுதான்: ஊர்ப்பொதுவில் இருக்கும் காட்டை ஊர்க்காரர்களே காத்தால், வேலிக்கும் காவலுக்கும் அரசு மானியம் தரும். திட்டத்தில் ஒரு தடவை சேர்ந்துவிட்டால் அந்த நிலத்தை வேறு யாருக்கும் குத்தகைக்கு விட முடியாது. எல்லா இலாகாக்களின் கையெழுத்தையும் சேர்த்து வாங்கும் ஒருங்கிணைப்பு வேலை என்னுடையது. ஜீப்பில் ஊர் ஊராகப் போகிற பொம்பளை அதிகாரி அப்போது அதிசயம்தான்.

சந்தேகம் எனக்குச் சும்மா வரவில்லை, வரவழைத்தார்கள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒருவர், நாங்கள் வருகிற அன்று காலை வேப்பங்கிளைகளை வெட்டிக் குழியில் நட்டு, தண்ணீர் ஊற்றி, கன்று என்று காட்டினார். நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. "வேர் மெதுவா பிடிக்கும் மேடம்" என்றார் மனிதர், கொஞ்சமும் கூசாமல். அன்றிலிருந்து நான் எந்த மரத்தையும் இழுத்துப் பார்க்காமல் நம்புவதில்லை.

ஜீப் டிரைவர் சோலைமலை அண்ணன். மேலூர்ப் பக்கத்துக்காரர். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு அங்கே ஒரு மாமனோ மச்சானோ இருப்பார்கள். அதனால் அவர்மேலும் எனக்கு ஒரு கண். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. ஆபீஸில் மற்றவர்கள் ஏதாவது சாக்கில் அதைக் கிளறுவார்கள். டாக்டர் பெயர் சொல்வார்கள், கோயில் பெயர் சொல்வார்கள். சோலைமலை அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்றுகூடச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மேலூருக்குக் கிழக்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு கோயில்காடு. சுற்றிலும் பாறையும் பொட்டலும். நடுவில் மட்டும் வேம்பும் உசிலையும் இலுப்பையும் அடர்ந்து, உள்ளே போனால் வெயில் தரையில் விழாது. நடுவில் கருப்பசாமி. பூசாரி ஆண்டிச்சாமிக்கு நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு, பார்வையில் பயமே கிடையாது. ஊர் சார்பில் விண்ணப்பம் போட்டவர் அவர்தான். மரக்கணக்கு எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தார்.

"எத்தனை மரம்?" என்றேன்.

"எண்ணலைங்க தாயி."

"ஏன் எண்ணலை?"

"எண்ண மாட்டோம். சாமி சொத்து. இம்புட்டுத்தான்னு ஒரு கணக்கு சொல்லிப்புட்டா, அதுக்கு மேல இல்லைன்னு ஆயிரும்ல."

"அப்ப நாங்க எண்ணிக்கிறோம். ஒவ்வொண்ணுக்கும் பெயிண்ட்ல நம்பர் போடுவோம்."

"பெயிண்டா? உள்ள செருப்பு போட மாட்டோம், அருவா கொண்டு போக மாட்டோம், ஒடிஞ்சு விழுந்த சுள்ளியக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டோம். நீங்க நம்பர் போடுறேங்குறீக!"

"எண்ணாம மானியம் எப்படி வரும்?"

"பணம் வேணாம் தாயி. இது சர்க்கார் காக்குற காடுன்னு ஒரு காயிதம் குடுங்க. ஒரு போர்டு வைங்க. அது போதும் எங்களுக்கு."

பணம் வேண்டாமாம்! எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மானியம் கேட்டு வந்தவன் பணம் வேண்டாம் என்றால், அவனுக்கு அதைவிடப் பெரிய வரும்படி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். காட்டின் கிழக்கோரத்தில் லாரி வந்துபோன தடம் வேறு கிடந்தது.

"அது என்ன?"

"குவாரி எடுக்கணும்னு கல்லுக்காரன் வந்து பாறையைத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போறான் தாயி. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்து நிக்கிறோம்."

அவர் உள்ளதைத்தான் சொன்னார். எனக்கு அது முன்கூட்டியே தயார் செய்த பதிலாகக் கேட்டது. இவர்களே கல்லுக்காரனோடு பேசி முடித்துவிட்டு, மரத்தை ரகசியமாக வெட்டி விற்கிறார்கள், அதனால்தான் எண்ணவிட மாட்டேன் என்கிறார்கள் என்று ஜீப்பில் திரும்பும்போதே எனக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

4

மேலூர்ச் சந்தை நாளாகப் பார்த்து, சொல்லாமல் போனேன். ஊரில் பெரும்பாலும் ஆளில்லை. காட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். என் சந்தேகமெல்லாம் மனிதர்கள் மேல்தான், சாமி மேல் இல்லை.

எண்ண ஆரம்பித்ததும் ஒரு சங்கடம். அடர்த்தியான காட்டில் எண்ணிய மரம் எது, எண்ணாத மரம் எது? பெயிண்ட் அடித்தால் ஊரே திரண்டுவிடும். கைப்பையில் கோப்புக் கட்டுகிற சிவப்பு நாடா நாலைந்து சுருள் இருந்தது. ஆபீஸ் நாடா, சாயம் போகிற ரகம், அப்பா பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். ஒரு துண்டு கிழித்து முதல் மரத்தில் கட்டினேன். ஒன்று. அடுத்ததில் கட்டினேன். இரண்டு.

"மேடம், வேணாம் மேடம்" என்றார் சோலைமலை அண்ணன். "கோயில் மரத்துல அப்படிக் கட்டாதீக."

"ஏன், மரத்துக்கு வலிக்குமா?"

"அதுக்கில்ல மேடம்..."

"நீங்க உங்க ஊர்க்காரங்க பக்கம் பேசுறதா இருந்தா ஜீப்லயே போய் இருங்கண்ணே."

அவர் முகம் சுண்டிப்போனது. ஜீப்பைப் பார்த்து நடந்தார். கோயில் மரத்தில் துணியும் கயிறும் கட்டுகிறவர்கள் எதற்குக் கட்டுவார்கள் என்று மதுரையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். நானே மஞ்சள் கயிறு கட்டியவள்தான், வேறு கோயில்களில், யாருக்கும் தெரியாமல். ஆனால் அந்தக் கணம் அது தோன்றவே இல்லை. சிவப்பு நாடா என்றால் எனக்குக் கோப்பு. அந்தக் காடே எனக்கு ஒரு கோப்பாகத்தான் தெரிந்தது.

முன்னூற்றுச் சொச்சத்தில் நாடா தீர்ந்துவிட்டது. காடு தீரவில்லை. கிழக்குப் பக்கம் மொத்தமும், தெற்கில் கொஞ்சமும் எண்ணாமல் நின்றன. இன்னொரு நாள் வந்து முடித்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன்.

சந்தையிலிருந்து திரும்பியவர்கள் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். இருபது முப்பது பேர். நடுவில் சோலைமலை அண்ணன் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

ஒருவரும் சத்தம் போடவில்லை. பூசாரியின் மனைவி பஞ்சவர்ணம் முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என் விரலெல்லாம் சிவப்புச் சாயம். அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"வெயில்ல அம்புட்டு மரத்துக்கும் நீங்க ஒருத்தியாவா கட்டுனீக தாயி? வாங்க, வந்து ஒரு வாய் கஞ்சி குடிங்க."

குடித்தேன். மறுத்தால் வம்பு என்று குடித்தேன். கிளம்பும்போது அவள் கம்பும் கடலையும் ஒரு துணியில் முடிந்து என் கையில் திணித்தாள். "ஒடம்பத் தேத்துங்க. கவலைப்படாதீக." ஆண்டிச்சாமி நெற்றியில் திருநீறு பூசி, "கருப்பன் பாத்துக்கிருவான்" என்றார். போன தடவை அத்தனை விறைப்பாகப் பேசிய மனிதர்!

ஜீப் மேலூர் தாண்டியது. பிறகு கேட்டேன்: "அவங்ககிட்ட என்ன சொன்னீங்கண்ணே?"

"ஒண்ணும் இல்ல மேடம். ஆபீஸ் வேலைன்னு சொன்னேன்."

பொய் சொல்கிறார் என்று உடனே தெரிந்துவிட்டது. அதில் நான் கெட்டிக்காரி. என்ன பொய் என்று மட்டும் தெரியவில்லை. அந்தத் துணி முடிச்சை அவிழ்க்காமலே பியூனிடம் கொடுத்துவிட்டேன்.

5

அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'மரம் எண்ணுவதைத் தடுத்தவர்கள், எண்ணியதைக் கண்டதும் திடீரென உபசரித்தது ஐயத்திற்குரியது. கிழக்கு எல்லையில் லாரித் தடம் காணப்படுகிறது. மானியத் தொகை வேண்டாம் என்று கூறுவதும் இயல்பாக இல்லை. பரிந்துரைக்க இயலவில்லை.' எழுதி முடித்ததும் அறிக்கையை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஆண்டிச்சாமி ஆபீஸுக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பியூன் வந்து சொன்னபோது நான் சீட்டில்தான் இருந்தேன். லீவு என்று சொல்லச் சொன்னேன். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமர நிழலில் கொஞ்ச நேரம் நின்றார். மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் வீட்டுக்காரருக்குக் கனடா வேலை உறுதியாகிவிட்டது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, போலீஸ் சான்று என்று அலைந்தோம். எல்லா ஆபீஸிலும் எங்களைத் திருடர்களைப்போலப் பார்த்தார்கள். அந்த எரிச்சலில் கோயில்காடு எனக்கு மறந்தே போனது. இங்கு வந்த இரண்டாம் வருஷம் மீனா பிறந்தாள்.

ஹெரால்டின் ஜாம் ஜாடி காலியாகி, அலம்பி, அடுப்பு மேடையில் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கம்பும் கடலையும் முடிந்த அந்தத் துணி கண்ணில் வந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சோலைமலை அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் காடு இருக்கிறதா? இதைத்தான் கேட்டேன். இருக்கிறதா, இல்லையா?

ஏழு வாரம் பதில் இல்லை. தபால்காரரையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன்.

6

நீலத்தாள் கடிதம் ஜனவரியில் வந்தது. அண்ணன் சொல்லச் சொல்ல அவர் மகள் எழுதியது. அவர் பேசியபடியே எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்.

'மேடத்துக்கு வணக்கம். நான் ரிட்டயர் ஆகிட்டேன். ஒங்க காயிதம் வந்து ரொம்ப நாளாச்சு. நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன். போய்ட்டு வந்தேன்.

காடு பாதி இருக்கு மேடம். நீங்க போன மறுவருசம் கல்லுக்காரனுக்குக் குத்தகை ஆகிப்போச்சு. கிழக்கேருந்து வெட்டிக்கிட்டு வந்தாங்க. நீங்க நாடா கட்டியிருந்த மரம் வந்ததும் கூலிக்கு வந்தவுங்க அரிவாளக் கீழ போட்டுட்டாங்க. அடுத்தவுக வேண்டுதல் கட்டுன மரத்துல கை வைக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. வெளியூர்லேருந்து வேற ஆளு கொண்டாந்தான். அவுங்களும் மாட்டேன்னுட்டாங்க. ஒங்க நாடா தீந்த எடம் வரைக்கும் போச்சு. அதுக்கு மேல போகல.

ஒரு விசயம் ஒங்ககிட்ட மறைச்சுட்டேன். அன்னைக்குச் சந்தையிலேருந்து வந்தவுங்க அந்தம்மா ஏன்டா மரத்துல கட்டுதுன்னு கோவமா கேட்டாக. எனக்கு வேற வழி தெரியல. மேடத்துக்குப் புள்ள இல்ல, கருப்பன்கிட்ட வேண்டிக்கிட்டு மரத்துக்கு ஒண்ணா கட்டுதுன்னு சொல்லிட்டேன். அதான் அம்புட்டுப் பேரும் உருகிப் போய்ட்டாங்க. என்னைய மன்னிச்சுக்கங்க.

நாடாவெல்லாம் இத்துப் போச்சு. பூசாரி சம்சாரம் பஞ்சவர்ணந்தான் புதுத்துணி வாங்கி, எந்த எந்த மரத்துல இருந்துச்சோ அதே மரத்துல திருப்பிக் கட்டுது. கல்லுக்காரன் வெட்டிக்கிட்டு வரும்போது ஊர்ல சில பேரு சொன்னாங்களாம், கட்டாத மரத்துக்கும் சேத்துக் கட்டிப்புடு, தப்பிச்சுக்கிரும்னு. அது முடியாதுன்னுருச்சு. அந்தத் தாயி கட்டாத மரத்துல நான் கட்டுனா அது பொய்யாயிருமேன்னு சொல்லுச்சாம். அழுதுக்கிட்டே வெட்டுறதப் பாத்துக்கிட்டு நின்னுச்சாம்.

தெக்க இன்னும் கொஞ்ச மரம் நாடா இல்லாம நிக்கிது. கல்லுக்காரன் மறுபடி வரப்போறதாப் பேச்சு. மேடத்துக்குப் புள்ள பொறந்துருச்சான்னு அவனே ஆள் விட்டுக் கேக்குறான். பொறந்துருந்தா வேண்டுதல் முடிஞ்சுபோச்சு, கட்டுனவுக வந்து அவுத்துறலாம், அப்புறம் மரத்துல கை வைக்கலாம்னு சொல்றான். ஊர்க்காரவுகளும் ஒங்க வாய் வார்த்தைக்குத்தான் காத்திருக்காங்க. நீங்க என்ன சொல்றீகளோ அதத்தான் அவுங்க நம்புவாங்க. பொறந்துருச்சா மேடம்?'

கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். ஒரு துண்டு துணி கட்டியிருந்தால் கிழக்குக் காடு நின்றிருக்கும். அந்தப் பெண் கட்டவில்லை. அவளைத்தான் நான் ஐயத்திற்குரியவள் என்று எழுதினேன். வீட்டுக்காரர் வந்து வாங்கிப் படித்தார். "என்ன எழுதப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

7

கிறிஸ்துமஸ் முடிந்து கடையில் ரிப்பன் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். சிவப்பாக எட்டுச் சுருள் எடுத்தேன். அங்கேயே எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சாயம் போகவில்லை. கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். மீனா எதிரே உட்கார்ந்து ரிப்பனைச் சுருள் பிரித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

'சோலைமலை அண்ணனுக்கு. நீங்கள் அன்று சொன்னதற்கு நான்தான் உங்களுக்குக் கடமைப்பட்டவள். பஞ்சவர்ணத்திடம் என் கும்பிடைச் சொல்லுங்கள். விட்டுப்போன மரங்களுக்கும் கட்டத்தான் அன்று நினைத்தேன், நாடா தீர்ந்துவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் பெயரால், என் கைக்குப் பதிலாக, அவள் தெற்கே நிற்கும் மரம் ஒவ்வொன்றிலும் கட்டட்டும். நானே சொல்கிறேன், அதில் பொய் இல்லை.'

அடுத்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்தேன். மீனா ரிப்பனைத் தலையில் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டினாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது. ஆறு வருஷம் தவம் கிடந்து, பிறகும் இரண்டு வருஷம் காத்திருந்து பெற்றவள். தெய்வக் குற்றமாகிவிடுமோ? கருப்பன் இதையும் பார்த்துக்கொள்வானா?

குனிந்து எழுதினேன்.

'பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை அண்ணே. இன்னும் பிறக்கவில்லை. வேண்டுதல் அப்படியே இருக்கிறது. நான் வந்து அவிழ்க்கும்வரை யாரும் நாடாவைத் தொட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.'

அதற்குக் கீழே, கை பழகிய பழக்கத்தில், 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகளுக்குத் தமிழ் படிக்க வராதது நல்லதாய்ப் போயிற்று என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

"இந்தியாவுக்கா?" என்று ஓடி வந்தாள். கையில் ஸ்கெட்ச் பேனா. "நான் பேர் போடணும். பூவும்."

"இதுல வேண்டாம்டா கண்ணு."

"ஏன்?"

"இது ஆபீஸ் கடிதம்."

அவள் மேஜைமேல் கிடந்த சிவப்பு ரிப்பன்களைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். அதில் தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான 'அ'வைத் தேடி விரல் வைத்தாள். பிறகு கண்ணைச் சுருக்கி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அப்பா சாயநூலைப் பார்ப்பது அப்படித்தான்.

"பொய்" என்றாள் மீனா. தமிழில்.

நான் உறையை ஒட்டினேன். ஒட்டி முடிக்கும்வரை அவள் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.